வண்டு எழுதிய விமர்சனம்

ஓர் அரிசி மணி நீளம்கூட இருக்காது. ஐந்து மில்லிமீட்டர். கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம். பின்பக்கம் கத்தியால் சரித்துச் சீவின மாதிரி ஒரு சரிவு. அதன் ஓரங்களில் பக்கத்துக்கு நாலு பல். 1758-ல் ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் இந்த வண்டுக்கு 'டைப்போகிராபஸ்' என்று பெயர் வைத்தார். அச்சுக்காரர் என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் நேராகவே 'புத்தகம் அச்சடிப்பவன்' என்கிறார்கள்.

இது தாக்கிய ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையை உரித்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். நடுவில் நெட்டாக ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் வரிவரியாகச் சின்னக் கோடுகள். விரித்து வைத்த புத்தகம் மாதிரியே இருக்கும்.

அந்தப் புத்தகம் அச்சாகிற விதம் சுவாரசியமானது. முதலில் ஆண் வண்டு வந்து பட்டையைத் துளைக்கும். உள்ளே ஒரு சின்ன அறை குடையும். மணவறை என்றே சொல்லலாம், வேலையே அதுதான். பிறகு ஒரு வாசனையைக் காற்றில் விடும். இரண்டு மூன்று பெண் வண்டுகள் வந்து சேரும். ஒவ்வொரு பெண்ணும் மரத்தின் வாக்கில் மேலோ கீழோ ஒரு சுரங்கம் தோண்டி, அதன் இரு ஓரங்களிலும் முட்டையிட்டுக்கொண்டே போகும். பொரிந்த புழு ஒவ்வொன்றும் தனக்கென்று பக்கவாட்டில் ஒரு பாதை தின்றுகொண்டு போகும். புழு பெருக்கப் பெருக்கப் பாதையும் அகலமாகும். அதுதான் வரி.

பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற அந்த மெல்லிய அடுக்கு வழியாகத்தான் மரம், ஊசியிலைகளில் தயாரித்த சர்க்கரையை வேருக்கு அனுப்புகிறது. சுற்றிலும் தின்றுவிட்டால் வேருக்குச் சாப்பாடு நின்றுபோகும். போதாக்குறைக்கு வண்டு தன்னோடு ஒரு பூஞ்சையையும் கொண்டுவரும். அது தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். முப்பது மீட்டர் மரம் ஒரே கோடையில் காலி.

இந்த வண்டைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், மத்திய ஜெர்மனியில் இருக்கும் ஹார்ஸ் மலை.

*

ஹார்ஸ் பெரிய மலை இல்லை. அதன் உச்சியான ப்ரோக்கன் சிகரம் 1,141 மீட்டர்தான். நம்ம ஊட்டியில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் ஜெர்மன்காரர்கள் மனதில் அதற்கு இருக்கும் இடம் பெரியது. கதே 1777-ல் ஏறினார். கவிஞர் ஹைன 1824-ல் நடந்தே சுற்றிவிட்டு வந்து புத்தகம் எழுதினார். சூனியக்காரிகள் ராத்திரியில் கூடும் மலை என்று கதைகள். நீராவி என்ஜின் இழுக்கும் குட்டி ரயில் இன்றைக்கும் உச்சிவரை போகிறது. ஜன்னல் வழியாகக் கரும்பச்சை ஸ்ப்ரூஸ் காடு தெரிய வேண்டும். காலண்டர் படங்களில் அப்படித்தான் இருந்தது.

இப்போது அந்த ஜன்னலில் தெரிவது சாம்பல் நிறம். கிலோமீட்டர் கணக்கில் பட்டை உதிர்ந்து நிற்கும் மொட்டைக் கம்பங்கள். நடுநடுவே வெட்டி வெறுமையாக்கிய சரிவுகள். 2018 ஜனவரியில் 'ஃப்ரீடரிக்க' என்ற புயல் வந்து மரங்களைச் சாய்த்தது. அதே வருடம் கடும் வறட்சி. 2019-லும் வறட்சி. 2020-ம் அதன் தொடர்ச்சி. விழுந்த மரங்களில் பெருகின வண்டுகள், தாகத்தில் நின்ற மரங்களுக்குத் தாவின.

நாடு முழுவதும் என்ன ஆச்சு என்று ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தது. 2018 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை, மூன்றேகால் வருடத்தில், 5,01,000 ஹெக்டேரில் மரம் போயிருந்தது. மூன்று கன்னியாகுமரி மாவட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வரும் பரப்பு. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். 2022-ல் எடுத்த தேசிய வனக் கணக்கெடுப்பில், ஜெர்மனியில் அதிகமாக இருக்கும் மரம் என்ற பட்டமே ஸ்ப்ரூஸிடமிருந்து பைனுக்குக் கைமாறிவிட்டது.

யார் செய்தது?

வண்டு. சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறது. வரிவரியாக எழுத்துபூர்வ வாக்குமூலம் வேறு கொடுத்திருக்கிறது.

கேஸ் முடிந்தது என்று ஃபைலை மூடப் பலருக்கு ஆசை. ஆனால் அந்த வாக்குமூலத்தை ஒரு தடவையாவது படிக்க வேண்டாமா? என்னைக் கேட்டால், முந்நூறு வருட ஜெர்மன் வனவியலுக்கு எழுதப்பட்ட மிகக் கறாரான விமர்சனம் அதுதான்.

*

முதல் விஷயம், அந்தக் காடு காடே அல்ல.

மனிதன் கை வைக்காமல் விட்டிருந்தால் ஜெர்மனியின் பெரும்பகுதி பீச் என்கிற இலையுதிர் மரங்களின் காடாகத்தான் இருந்திருக்கும். ஸ்ப்ரூஸ் குளிருக்கும் ஈரத்துக்கும் பழகின மரம். ஹார்ஸில் அது இயல்பாக வளரும் இடம், உச்சியை ஒட்டிய மேல்பகுதி மட்டும். கீழே எல்லாம் பிறகு வந்தது.

எப்படி வந்தது? ஹார்ஸ் ஒரு சுரங்க மலை. வெள்ளி, ஈயம், செம்பு. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். தாதுவை உருக்கக் கரி வேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் வெட்டினதில் மலை மொட்டையானது. அந்தக் காலத்தில் மரப்பஞ்சம் என்பது இன்றைக்குப் பெட்ரோல் பஞ்சம் மாதிரி. 1713-ல் ஸாக்ஸனியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். வளருகிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும், வெட்டினால் நட வேண்டும் என்றார். இன்று எல்லா மாநாட்டு மேடைகளிலும் அடிபடும் 'நீடித்த வளர்ச்சி' என்ற எண்ணத்துக்கு அதுதான் மூலப் புத்தகங்களில் ஒன்று. நல்ல எண்ணம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, எதை நட்டார்கள் என்பதில். ஸ்ப்ரூஸ் சீக்கிரம் வளரும். விளக்குக் கம்பம் மாதிரி நேராகப் போகும். விட்டம், பலகை, காகிதம் எல்லாவற்றுக்கும் ஆகும். விதை சுலபமாகக் கிடைக்கும். வெட்டவெளியில், பனியில், நாற்றை வைத்துவிட்டு வந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளும். 'ரொட்டி மரம்' என்றே அதற்குச் செல்லப்பெயர். நம் பாஷையில் சோறு போடும் மரம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இழப்பீட்டுக்காக ஹார்ஸில் ஏராளமாக மரங்களை வெட்டினார்கள். அந்த வெற்றிடத்தையும் அவசர அவசரமாக ஸ்ப்ரூஸ் வைத்தே நிரப்பினார்கள். பசியில் இருந்த நாடு. யாரும் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் விளைவு? ஒரே வகை, ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே இடைவெளி. மலை முழுக்க ஒரே வரிசை.

வண்டின் இடத்திலிருந்து பாருங்கள். பந்தி போட்டு, இலை போட்டு, எல்லா இலையிலும் அதற்குப் பிடித்த ஒரே ஐட்டத்தை வைத்து, கதவையும் திறந்துவைத்த மாதிரி.

*

சாதாரண வருடங்களில் இந்த வண்டு ஓர் ஏழை. நோஞ்சான் மரம், விழுந்த மரம், மின்னல் அடித்த மரம் என்று தேடித் தேடிப் பிழைக்கும். ஆரோக்கியமான ஸ்ப்ரூஸைத் துளைத்தால் மரம் பிசினைப் பீய்ச்சும். வண்டு அதிலேயே சமாதி. எறும்பு மாதிரித் தோற்றமுள்ள ஒரு வேட்டை வண்டு இதைப் பிடித்துத் தின்னும். ஒட்டுண்ணிக் குளவிகள் இதன் புழுக்களின்மேல் முட்டையிடும். மரங்கொத்திகள் பட்டையைப் பெயர்த்துப் புழு பொறுக்கும். எல்லாம் சேர்ந்து கணக்கு நேராகிவிடும்.

வறட்சி வந்தால் கணக்கு மாறுகிறது. தண்ணீர் இல்லாத மரத்தால் பிசின் சுரக்க முடியாது. ஸ்ப்ரூஸுக்கு வேர் ஆழம் கிடையாது, மேலோட்டமாகப் பரவும். அதனால் முதலில் தாகத்தில் தவிப்பதும் அதுதான், முதலில் புயலில் சாய்வதும் அதுதான். வெயில் கூடினால் வண்டுக்குக் கொண்டாட்டம். வழக்கமாக ஒன்று, இரண்டு தலைமுறை காணும் வருடத்தில் மூன்று தலைமுறை. ஒரு பெண் வண்டு அறுபது முட்டை, அதில் பாதி பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே பிழைத்தால் இரண்டாவது தலைமுறையில் 1,800. மூன்றாவதில் 54,000. எல்லாமே பிழைக்காது. ஆனால் மலை முழுக்கச் சாப்பாடு இருக்கும்போது, எத்தனை பிழைத்தாலும் அதற்கு இடம் இருக்கிறது.

காட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மரத்தடியில் காபித்தூள் மாதிரிப் பழுப்புப் பொடி உதிர்ந்திருக்கிறதா என்று மரம் மரமாகக் குனிந்து பார்க்கிறார்கள். இருந்தால், அடுத்த தலைமுறை பறப்பதற்குள் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆறேழு வாரம்தான் கெடு. ஊசியிலை சிவந்து, தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்போது வண்டு கிளம்பிப் போயிருக்கும். 2018-ல் ஆளும் போதவில்லை, லாரியும் போதவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டியதில் மர விலையும் படுத்துவிட்டது.

கலப்புக் காடாக இருந்தால் என்ன வித்தியாசம்? வண்டு தன் மரத்தை வாசனையை வைத்துத்தான் தேடுகிறது. பிர்ச் மாதிரி இலைமரங்களின் வாசனை கலந்தால் அது தடுமாறுகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. இலைமரம் இருக்கும் இடத்தில் பூச்செடி வரும், பூ இருந்தால் குளவி வரும், குளவிக்கு வண்டின் புழு வேண்டும். ஒரே ஒரு மரத்தை நம்பி வாழும் பூச்சிகளால் வரும் சேதம் கலப்புக் காட்டில் குறைவு என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த முடிவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிடைத்ததையெல்லாம் தின்னும் பூச்சிகள் விஷயத்தில் இந்தப் பாதுகாப்பு அவ்வளவு உறுதி இல்லை. 2018 மாதிரிப் பிரளயம் வந்தால் கலப்புக் காட்டிலும் ஸ்ப்ரூஸ் சாகும். வித்தியாசம் இவ்வளவுதான்: அதற்குப் பிறகும் அங்கே ஒரு காடு நிற்கும்.

*

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. மியூனிக்கில் கார்ல் கையர் என்ற வனவியல் பேராசிரியர் 1886-லேயே 'கலப்புக் காடு' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் போட்டார். ஒரே மரம் வேண்டாம், கலந்து வளருங்கள் என்று வாதாடினார். அதற்கும் முன்னால், 1780-களிலேயே ஹார்ஸ் மலை இதே வண்டால் காய்ந்திருக்கிறது. 1787-ல் க்மெலின் என்பவர் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முந்தின எச்சரிக்கை!

பின்னே ஏன் கேட்கவில்லை?

முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜெர்மன் காடுகளில் ஏறக்குறைய பாதி தனியார் கையில் இருக்கிறது. அதில் பெரும்பாலோர் சின்னச் சின்ன நிலக்காரர்கள். ஸ்ப்ரூஸ் வைத்தால் எண்பது, நூறு வருடத்தில் பலன். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டலாம். ஓக் என்றால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல். பேரனுக்குப் பேரன். எனக்கு வராத, என் பிள்ளைக்கும் வராத வருமானத்துக்காக இன்றைக்கு நட்டுவை என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது லேசான காரியம் இல்லை. பெண் கல்யாணத்துக்கென்று தேக்கு வைத்திருக்கிற நம்மூர் விவசாயிக்கு இது நன்றாகவே புரியும்.

என் குறை அந்த நிலக்காரர்மேல் இல்லை. அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல். அந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் கன மீட்டர் மரம் மட்டும்தான் இருந்தது. பூச்சிக்கு ஒரு பத்திதான், அது செலவுப் பக்கத்தில்.

வார்த்தையைக் கவனியுங்கள். ஜெர்மன் மொழியில் இந்த மாதிரிப் பூச்சிக்கு 'ஷேட்லிங்' என்று பெயர். கெடுதல் செய்கிறவன். ஒரு ஜீவனுடைய முழு வாழ்க்கையையும், அது நம் பர்ஸுக்கு என்ன செய்தது என்ற ஒரே விஷயத்தை வைத்துக் குறிக்கிற சொல். நாம் ரொம்ப யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். நம்முடைய சொல் 'பூச்சி மருந்து'. கொல்லுகிற விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவான்கள் நாம்.

இதில் ஒரு பெரிய வேடிக்கை. 2017-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளியானது. க்ரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் 1989-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் மாதிரிப் பொறி வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டுக்கொண்டே வந்தார்கள். 27 வருடங்களில் பறக்கும் பூச்சிகளின் எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. நாடே அதிர்ந்தது. 'ஐயோ, பூச்சி போச்சே' என்று அழுதார்கள். அடுத்த வருடமே, 'ஐயோ, பூச்சி வந்துவிட்டதே' என்று அழுதார்கள்.

இரண்டு அழுகைக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கட்சி. நிலத்தை ஒரே பயிராக ஆக்கினால், ஆயிரம் வகைப் பூச்சிகள் போகும். அந்த ஒரே பயிரைத் தின்கிற ஒரு வகை பெருகும். வயலில் நடப்பதும் அதுதான், காட்டில் நடப்பதும் அதுதான். 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஜெர்மன் காடுகளிலேயே பத்து வருடத்தில் பூச்சி முதலான கணுக்காலிகளின் எடை 41 சதவீதம் குறைந்தது என்றது. வயலில்தானே மருந்தடிக்கிறார்கள், காட்டில் என்ன என்று கேட்டவர்களுக்கு அது பதில் சொல்ல முடியாத கேள்வியானது.

*

சரி, இப்போது திருந்திவிட்டார்களே, கலப்புக் காடாக மாற்றுகிறார்களே என்பீர்கள். மாற்றுகிறார்கள். பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹார்ஸ் தேசியப் பூங்காவில் செத்த ஸ்ப்ரூஸ்களுக்கு நடுவே பீச் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்தத் திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயரிலேயே எனக்கு ஒரு நெருடல். 'வால்ட்உம்பௌ'. வால்ட் என்றால் காடு. உம்பௌ என்பது வீட்டை இடித்து மாற்றிக் கட்டுவதற்குச் சொல்கிற வார்த்தை. ஹாலைப் பெரிசாக்கி, சமையலறையை அந்தப் பக்கம் தள்ளுகிறோமே, அந்த வேலை.

கொத்தனார் மனசோடு காட்டுக்குள் போனால் என்ன ஆகும்? பழையதை முழுசாக இடிக்கத் தோன்றும். செத்த மரங்களையெல்லாம் வெட்டி, மிஷின் விட்டு இழுத்து, தரையைச் சுத்தமாக்கி, அப்புறம் வரிசையாகப் புதுக் கன்று. ஒவ்வொரு கன்றுக்கும் மான் கடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் ராணுவக் கல்லறை மாதிரி இருக்கிறது. மரத்தின் பெயர் மாறியிருக்கிறது, மனசு மாறவில்லை.

ஸ்ப்ரூஸுக்குப் பதில் பீச் மட்டும் என்றால் அதுவும் ஒரே மரம்தான். 2018, 2019 வறட்சியில் பீச்சும் காய்ந்தது. துரிங்கியாவில் ஹைனிஷ் என்ற புகழ்பெற்ற பீச் காட்டிலேயே பெரிய மரங்கள் பட்டுப்போயின. அமெரிக்காவிலிருந்து டக்ளஸ் ஃபர் கொண்டுவந்து நடலாம் என்று ஒரு கட்சி. வறட்சியைத் தாங்குமாம், சீக்கிரம் வளருமாம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்ப்ரூஸைப் பற்றிச் சொன்ன சிபாரிசுக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிய மாதிரி இருக்கிறது.

எந்த மரம் எத்தனை பூச்சிக்குச் சோறு போடுகிறது என்பதும் ஒரு கணக்குதானே? 1961-ல் சவுத்வுட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பிரிட்டனில் எண்ணிப் பார்த்தார். ஓக்கில் 284 வகைப் பூச்சிகள். ஸ்ப்ரூஸில் 37. பிரிட்டனில் ஸ்ப்ரூஸ் வெளியூர் மரம், அதன் சொந்த ஊரில் இன்னும் அதிகம் இருக்கும். அதுதான் பாயிண்ட்டே. மரம் ஓர் இடத்தில் எத்தனை காலம் வாழ்ந்ததோ, எவ்வளவு பரவலாக வாழ்ந்ததோ, அதற்குத் தகுந்த மாதிரித்தான் அதற்குப் பூச்சிச் சொந்தம் சேரும். அந்தச் சொந்தத்தை நர்சரியிலிருந்து லாரியில் கொண்டுவர முடியாது.

*

இடிக்காமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது. பவேரியக் காடு. 1970-ல் ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவானது. 1983-ல் பெரும் புயலில் மரங்கள் விழுந்தன. வழக்கப்படி எடுத்து விற்றிருக்க வேண்டும். பவேரியாவின் வனத்துறை அமைச்சராக இருந்த ஹான்ஸ் ஐஸன்மன், அப்படியே கிடக்கட்டும் என்றார். நம் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு நிஜக் காடு கிடைக்கட்டும் என்பது அவர் வாதம். வண்டு வந்தது. 1990-களில் மலை உச்சிக் காடு ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் செத்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். சொந்தக் காடு பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்குப் பயம் இருக்காதா? அதனால் பூங்காவின் ஓரப் பட்டையில் மட்டும் வண்டு மரங்களை வெட்டிக் கட்டுப்படுத்தினார்கள். உள்ளே கை வைக்கவில்லை.

இருபது முப்பது வருடம் கழித்து அங்கே இளம் ஸ்ப்ரூஸும் ரோவனும் தானாக எழுந்து நிற்கின்றன. உச்சி என்பதால் ஸ்ப்ரூஸ் அங்கே உள்ளூர்க்காரன். ஆனால் இப்போது வேறு வேறு வயசில், வேறு வேறு இடைவெளியில், நடுவே வெயில் விழும் திட்டுகளோடு. செத்த மரத்தையே நம்பி வாழும் அபூர்வ வண்டுகள் திரும்பியிருக்கின்றன. குடிநீர் கெட்டுவிடும் என்ற பயமும் பெரிதாக நிஜமாகவில்லை. அங்கே வேலை செய்த விஞ்ஞானிகள் 2008-ல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே இந்த வண்டுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கேடுபூச்சி என்ற இடத்திலிருந்து, காட்டைத் தாங்கும் ஆதார உயிர் என்ற இடத்துக்கு.

மறுபக்கமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ப்ரோக்கன் அருகே காடு பற்றி எரிந்தது. இத்தாலியிலிருந்து விமானம் வந்து தண்ணீர் கொட்டியது. காய்ந்த மரங்களை விட்டுவைத்ததுதான் காரணம் என்று ஊர் அரசியல் சூடானது. மலையடிவாரத்தில் வீடு இருக்கிறவரிடம் போய் அபூர்வ வண்டின் அருமையைப் பேச முடியாது. ஊர் ஓரத்தில் வெட்டத்தான் வேண்டும், தீத்தடுப்புப் பாதை போடத்தான் வேண்டும். பவேரியாவில் ஓரத்துக்கு ஒரு விதி, உள்ளுக்கு ஒரு விதி என்று வைத்தார்களே, அந்தப் பக்குவம் தேவை. எல்லா இடத்துக்கும் ஒரே விதி என்பதும் ஒருவகை ஒற்றைப் பயிர்தான்.

*

ஜெர்மன் கதை நமக்கெதற்கு என்றால், பள்ளிக்கூடம் ஒன்றுதான். 1864-ல் இந்திய வனத்துறை பிறந்தபோது முதல் தலைமை அதிகாரியாக வந்தவர் டீட்ரிச் ப்ராண்டிஸ், ஜெர்மன்காரர். அவருக்குப் பின் வந்த ஷ்லிஷ், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மன்காரர்கள்தான். காட்டை மரக்கணக்காகப் பார்க்கும் கண் அந்த வழியாகவும் நமக்கு வந்தது. நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டில், யூகலிப்டஸ், பைன் எல்லாம் நட்டார்கள். டூயட் பாட்டில் பார்த்துப் பார்த்துப் பழகின ஊட்டி பைன் காடு அப்படி வந்ததுதான்.

ஆனால் ஹார்ஸின் விடையை அப்படியே காப்பியடிக்கவும் கூடாது. அங்கே பழைய காடு பீச் காடு. இங்கே பழையது புல்வெளியும் மடிப்புகளில் சோலையும். பைனை எடுத்துவிட்டுப் புல்வெளியில் 'கலப்புக் காடு' நட்டால் அது இன்னொரு தப்பு.

ஹார்ஸுக்கே திரும்புகிறேன். சாம்பல் கம்பங்களுக்கு அடியில் இப்போது பிர்ச்சும் ரோவனும் முளைத்துக்கொண்டிருக்கின்றன. யாரும் நடவில்லை. பறவை போட்ட விதை, காற்று கொண்டுவந்த விதை. எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று வருடா வருடம் அறிக்கை வருகிறது. அதே அறிக்கையில் இன்னொரு பத்தியும் வரட்டும். இந்த வருடம் இந்தச் சரிவில் எத்தனை வகைப் பூச்சிகளைப் பார்த்தோம் என்று. க்ரேஃபெல்ட் ஆர்வலர்கள் ஒரு துணிக்கூடாரத்தையும் தராசையும் வைத்துக்கொண்டு 27 வருடம் செய்த வேலைதான். பெரிய செலவில்லை.

அந்தப் பத்தியில் ஒரே ஒரு பெயர் மட்டும் வருடா வருடம் பெருத்துக்கொண்டே வந்தால், மறுபடியும் ஒரே மரத்தை நட்டிருக்கிறோம் என்று அர்த்தம். வண்டு வந்து எழுதிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.